நாலு நிமிடம் கூடிய அரை மணித்தியாலம்

நோபல் பார்க்,
மெல்பேர்ண்.
18-08-1978

அன்பு மகள் யோகராணிக்கு,

குளிரில் விறைத்துப்போனாலும் சின்னம்மாவும் நானும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே தடிமன் காய்ச்சல் அண்டாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரை கொண்டு இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் கண்டால்தான் எங்களுக்கு மனம் ஆறும். வாசிக்கத் தொடங்கமுன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இரு. இந்தக் கடிதத்துக்குள் ஒரு கதை இருக்கிறது. நல்லூரானை முன்னிறுத்திச் சத்தியம் செய்து சொல்கிறேன், இதை உலகத்தில் ஒரு சீவனும் நம்பப் போவதில்லை. நேற்று எனக்குள்ளேயே ஒருதரம் சொல்லிப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் டண்டினோங்கில் நானூறு பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற மனிதன் எண்களில் பிழைவிட மாட்டான் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள். பெருக்குவது வேறு, பிழைவிடுவது வேறு.

முதலில் வீட்டுப் புதினம். இந்த வருடக் குளிர் எப்படிப்பட்டது என்றால், வைகாசியில் தலைக்கு வைக்கவென்று நான் கவிழ்த்துப் பிடித்த தேங்காயெண்ணெய்ப் போத்தல் ஆடிப்பிறப்பன்றுதான் முதல் சொட்டை விட்டது, அதுவரை கையை இறக்காமல் நின்றேன். சின்னம்மா பிஸ்கற் தொழிற்சாலையில் இன்னும் அதே வரிசையில்தான் நிற்கிறார். இடப்பக்கம் ஒரு கிரேக்கப் பெண், வலப்பக்கம் ஒரு துருக்கிப் பெண், நடுவில் இவர், மூன்று பேரும் எட்டு மணித்தியாலம் சிரிப்பாலேயே கதைத்து முடிக்கிறார்களாம். உனக்கு அனுப்பிய மிளகாய்த்தூள் கப்பலில் வருகிறது. தபால் கந்தோரில் அதை நிறுத்துப் பார்த்த பெண் போன மாதம் மூன்றாம் திகதி தும்மத் தொடங்கினாள், இன்னும் நிறுத்தவில்லை என்று கேள்வி. வந்து சேர்ந்ததும் போத்தலில் போட்டு இறுக்கி மூடு, ஈரக் கரண்டி போடாதே. செம்மறிகள் வழிமறிக்கிற அந்த ஒடுங்கல் றோட்டில் காரை மெதுவாக ஓடு, இது சின்னம்மா எழுதச் சொன்னது, இரண்டு தரம் எழுதச் சொன்னது, மெதுவாக ஓடு.

இனி நீ உன் வானொலிப் பேட்டியைப் பதிந்து அனுப்பிய கசெற்றுக்கு வருகிறேன். நீ இருக்கிற கொனாட் மாகாணத்தை நான் உலகப் படத்தில் பூதக்கண்ணாடி வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அந்த மேற்குக் கரையில் சனம் இன்னும் தங்கள் ஐரிஷ் மொழியைப் பேசுகிறது, அந்த மொழிக்கென்று தங்கள் ஊரிலேயே ஒரு வானொலி வைத்திருக்கிறது, அந்த வானொலி ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர் ஒருத்தியைக் கூப்பிட்டு இருத்திக் கேள்வி கேட்டது, அவள் அவர்களுடைய மொழியிலேயே பத்து நிமிடம் பதில் சொன்னாள் என்றால், அவள் எங்கள் வீட்டுக் குசினிக்குள் நின்று வாய்ப்பாடு பாடமாக்கினவள் என்றால், நான் எப்படி நெஞ்சை நிமிர்த்தாமல் இருப்பது? நிமிர்த்திய வேகத்தில் சேட்டுப் பொத்தான் இரண்டு தெறித்துப் பக்கத்து வீட்டு யன்னல் கண்ணாடி நொறுங்கியது. உன்னைப் பெறாமகள் என்றுதான் ஊர் சொல்லும். அண்ணனும் அண்ணியும் போன பிறகு ஏழு வயதில் நீ எங்களிடம் வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லின் முதல் பாதியை நான் பாவிப்பதில்லை. இங்கிலீசில் கேட்டபோது ஒரு நோவும் இல்லை என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த கிழவர், நீ அரைகுறை ஐரிஷில் கேட்டதும் எழும்பி இருந்து இருபது வருட நோவையும் இடம் இடமாகத் தொட்டுக் காட்டினார் என்று எழுதியிருந்தாயே, அதை ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் சொன்னேன், நானூறு பிள்ளைகளுக்கும் சொன்னேன், அன்றைக்கு முழுக்கப் பின்னம் படிப்பிக்கவில்லை. கசெற்றை நாங்கள் நாற்பதாயிரம் தரம் போட்டுக் கேட்டோம். உன் குரல் முடிந்த கையோடு திருப்பிச் சுற்றி மறுபடியும் போடுவோம். அதற்குப் பிறகு நாடாவில் என்ன கிடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அங்கேதான் வந்தது வினை.

இங்கே ஒரு சின்னச் சமூக வானொலி தமிழுக்கு ஞாயிறு பின்னேரம் நாலரையிலிருந்து ஐந்து வரை இடம் தந்ததை முன்னமே எழுதியிருந்தேன். அது மூன்று மாதப் பரீட்சைதான். மெல்பேர்ண் தமிழ்ச் சனம் முழுவதையும் இரண்டு வான் வண்டியில் ஏற்றிவிட்டு மிச்ச இடத்தில் ஒரு மாட்டையும் ஏற்றலாம், ஆனால் பதவிகளுக்குக் குறைவில்லை. பணிப்பாளர் நாயகம், பிரதம செய்தி ஆசிரியர், நாடகப் பகுதித் தலைவர், மழை வெயில் அதிகாரி எல்லாம் உன் சித்தப்பாதான். பொத்தான்களும் மணிக்கூடும் வெங்கட்ராமன் பொறுப்பு. மதராஸ் எஞ்சினியர், தங்கமான பிள்ளை, ஒரே குறை மெய் பேசுவது. ஒருநாள் என்னிடம், சார், நீங்க நியூஸுன்னு படிக்கிறதுல பாதி கதை சார் என்றார். ஓம், மற்றப் பாதி உமக்கு விளங்காத யாழ்ப்பாணம் என்றேன். நிலையத்தின் சட்டம் இரண்டு. கொடுத்த மொழியைத் தவிர வேறு மொழி கூடாது. ஐந்து என்றால் ஐந்து, அடுத்த மொழிக்காரரின் நேரத்தில் ஒரு நொடி தொடக்கூடாது. மூன்றாம் மாத முடிவில் குழு கூடும், கேட்க ஆள் இருக்கிறது, ஒழுங்காக நடக்கிறார்கள் என்று கண்டால் தொடரலாம், இல்லையென்றால் கதவு மூடும். இதில் எனக்கு என்ன, நான் வாயை எங்கே வைத்தாலும் பேசுவேன். சின்னம்மாவுக்குத்தான் அது பெரிய காரியம். இஞ்சருங்கோ, அந்த அரை மணித்தியாலத்தைக் கவனமாகப் பாருங்கோ, கிழமை முழுக்க என்ரை காதிலை தமிழ் விழுறது அப்ப மட்டும்தான் என்றார். அப்போ நான் வீட்டில் கதைக்கிறது என்ன பாஷை என்று கேட்டேன். அதைக் கணக்கிலை எடுக்கேலாது, அதிலை பாதியை நான் கேக்கிறேல்லை என்றார்.

இம்மாதம் ஆறாம் திகதி. அன்றைக்குச் சந்திரகலா பதினொரு நிமிடம் பாடுவதாக ஏற்பாடு. ஆள் வந்தார், கூடவே தடிமனும் வந்தது. வாயைத் திறந்தால் டண்டினோங் ரயில் பிரேக் பிடிக்கிற சத்தம். வெங்கட்ராமன் வெள்ளைக் கடதாசி ஆகிவிட்டார். சார், பதினோரு நிமிஷம் வெறும் காத்தப் போட முடியாது சார் என்றார். நான் கோட்டுப் பைக்குள் கையை விட்டு உன் கசெற்றை எடுத்தேன். அது எப்போதும் நெஞ்சுக்கு மேலேதான் இருக்கும். அவர் கும்பிட்டார். சார், ரூல் நம்பர் ஒன்னு சார்! முன்னுக்கும் நான் தமிழில் விளக்கம் சொல்வேன், பின்னுக்கும் சொல்வேன், நடுவில் கிடக்கிறதும் தமிழாகத்தான் போகவேண்டும், வேறு எங்கே போறது என்றேன். சொன்னபடி முன்னுரை வழங்கினேன், மூன்று வாக்கியம்தான், அதில் இரண்டில் உன் பெயர் வந்தது. பிறகு நாலு நாற்பத்தொன்பதுக்கு உன் குரல் மெல்பேர்ணுக்கு மேலே எழும்பியது. மகளே, அந்த நேரம் இந்த நகரத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ட்ராம்கள் தாமாக நின்றன. யாரா ஆற்றில் கறுத்த அன்னங்கள் உயரவாரியாக வரிசையில் நின்று கேட்டன. தெற்கே கடலில் சுறா ஒன்று வாயில் பிடித்த மீனை மரியாதைக்காக விட்டுவிட்டது.

ஐந்துக்கு ஒரு நிமிடம் இருக்க உன் குரல் முடிந்தது. நான் பின்னுரைக்குத் தொண்டையைச் செருமுகிறேன், நாடா நிற்கவில்லை. நீ வீட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்தவள், நிறுத்த மறந்துவிட்டாய் போலும். ஒரு சின்ன மணி கேட்டது. பிறகு ஒரு ஆண் குரல். அவசரமில்லாத குரல். ஒரு பெயர், அதற்குப் பின்னால் ஒரு பெயர், அதற்குப் பின்னால் இன்னொரு பெயர், ஒரு மூச்சு விட்டு ஒரு ஊர், பிறகு ஒரு நேரம். எனக்கு ஐரிஷில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அதை விளங்கப்படுத்த ஆள் தேவையா? காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு சகோதரனும், உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று அந்தக் குரல் வந்தால் எங்கள் வீடுகளில் தேங்காய் துருவுகிற கை நிற்கும், சண்டை நிற்கும். நான் என்னையறியாமல் எழும்பி நின்றேன். இங்கே வீட்டில் சின்னம்மாவும் அடுப்பை நிறுத்திவிட்டு எழும்பி நின்றிருக்கிறார், அதைப் பிறகுதான் அறிந்தேன். வெங்கட்ராமனின் விரல் பொத்தானுக்குப் போனது. அவர் கையைப் பிடித்தேன். மரண அறிவித்தல் போகுது, கையை எடும் என்றேன். சார், அஞ்சு மணி ஆயிடுச்சு, மால்டாக்காரர் கதவ இடிக்கிறார் சார் என்றார். பாதியிலை நிப்பாட்டினால் அந்தச் சனம் எந்தக் கோயிலுக்கு எத்தினை மணிக்குப் போறதெண்டு எப்பிடி அறியும் என்று கேட்டேன். அந்தச் சனம் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது, அந்த அறிவித்தல் ஒரு மாதம் பழையது, அந்த மனிதர்களைப் புதைத்த மண்ணில் புல் முளைத்திருக்கும் என்பது அந்த நேரம் உன் சித்தப்பாவின் மூளைக்கு எட்டவில்லை. மூன்று பேருடைய அறிவித்தல். மூன்றும் முடியும்வரை நான் கையை விடவில்லை. ஐந்து மணி நாலு நிமிடம்.

கதவைத் திறந்தேன். அடுத்த அரை மணித்தியாலத்துக்குச் சொந்தக்காரரான மால்டாக்காரர் கார்மெனு நின்றார், பின்னால் கித்தாருடன் நாலு பாட்டுக்காரர். என் நாலு நிமிடம், என் நாலு நிமிடம் என்று அவர் போட்ட கூச்சலில் கித்தார்களின் தந்தி தானாக அதிர்ந்தது. அடுத்த நாளே முறைப்பாடு தட்டச்சில் வந்தது. வேற்று மொழி ஒலிபரப்பினார்கள், நேரத்தைக் களவெடுத்தார்கள். இரண்டு சட்டத்தையும் ஒரே பின்னேரத்தில் உடைத்தவர்கள் என்று நிலையத்தின் சரித்திரத்தில் எங்கள் பெயர் ஏறிவிட்டது. சின்னம்மா தட்டில் சோற்றை வைத்துவிட்டு, மரண அறிவித்தலை நிப்பாட்டாமல் விட்டது சரிதான், ஆனால் இனி ஞாயிற்றுக்கிழமைக்கு நான் என்ன செய்யிறது என்று மட்டும் கேட்டார்.

ஆனால் கார்மெனு கூச்சலிட்டுக்கொண்டிருந்த அந்த நேரமே நிலையத்து ரெலிபோன் அடித்தது. ஆயிரம் தரம் அடித்தது. கம்பி சூடேறி மேசைக்குப் புகை பிடித்தது. அதில் ஒன்றை வெங்கட்ராமன் எடுத்து என்னிடம் நீட்டினார். சார், யாரோ பெரியவர் சார், அழறார் சார் என்றார். பெயர் கோல்மன். எழுபத்து மூன்று வயது, ஃபுட்ஸ்கிறேயில் ஒற்றை அறையில் இருக்கிறார், துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். நீ இருக்கிற அதே கரையிலிருந்து ஐம்பது வருடத்துக்கு முன் கப்பலேறினவர். பாட்டுத் தேடி ரேடியோக் குமிழைத் திருகியவருக்குத் தன் தாயின் மொழி கேட்டிருக்கிறது. தான் செத்துப்போனேன் என்றுதான் முதலில் நினைத்தாராம். பிறகு யோசித்தாராம், சொல் எல்லாம் எங்கள் சொல், சுரம் மட்டும் எந்தக் கிராமத்துச் சுரமும் இல்லை, யார் இந்தப் பெண்பிள்ளை? என் மகள் என்றேன். வேறு பட்டம் ஒன்றும் சேர்க்கவில்லை, சேர்க்கத் தோன்றவில்லை. பிறகு சொன்னார், இரண்டாவதாக வாசித்த பெயர் பார்ட்லி. மைக்கலின் மகன் பார்ட்லி, பாட்ரிக்கின் பேரன். அங்கே ஆளை அப்படித்தான் சொல்வார்களாம், தகப்பன், பாட்டன் என்று அடுக்கி, எங்கள் சனம் நீ ஆரின்ரை பிள்ளை என்று கேட்கிறது போல. ஆகவே வேறு பார்ட்லியாக இருக்க வழியில்லை. இருவரும் ஒரே வள்ளத்தில் துடுப்பு வலித்தவர்கள். அவன் போய்விட்டான் என்று எனக்கு எழுத அங்கே ஒருவரும் மிச்சமில்லை என்றார்.

நேற்று முன்தினம் புதன்கிழமை குழு கூடியது. எழுநூறு பேர், வாசலில் பொலீஸ். வெங்கட்ராமன் மூன்று பக்க மன்னிப்புக் கடிதம் வைத்திருந்தார். சார், கால்ல விழறேன், இன்னிக்கு நீங்க பேசாதீங்க சார் என்றார். பேசவில்லை. சின்னம்மாவிடம் சொன்னேன், அவர் இன்னும் நம்பவில்லை. தலைவி முறைப்பாட்டை வாசித்தார், இதற்குப் பதில் என்ன என்று கேட்டார். பின்வரிசையில் கோல்மன் எழும்பினார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், முடிச்சு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. பதற்றத்தில் முதலில் ஐரிஷில் தொடங்கிவிட்டார், ஒருவருக்கும் விளங்கவில்லை, ஒருவரும் குறுக்கிடவும் இல்லை. பிறகு இங்கிலீசில் பார்ட்லியைப் பற்றிச் சொன்னார். தலைவி கேட்டார், தமிழ் நிகழ்ச்சியில் உங்களுக்கு என்ன விளங்கும்? ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் ஒரு மனிதனின் மரணத்தை வாசித்து முடிக்கும்வரை காத்திருக்க அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றார். அப்போது கார்மெனு கையை உயர்த்தினார். அவர் வெங்கட்ராமனைப் பார்த்து, இந்த மனிதரின் சிநேகிதனுடைய பெயர் எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டார். வெங்கட்ராமன் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. கொப்பியைப் பார்த்தார். அஞ்சு மணி ரெண்டு நிமிஷம் என்று சொன்னார். அதோடு முடிந்தோம் என்று நினைத்தேன். கார்மெனு தன் முறைப்பாட்டுக் கடதாசியைக் கையில் எடுத்தார். அப்படியென்றால் அந்தப் பெயர் என்னுடைய நேரத்தில் வாசித்த பெயர், அதற்கு எதிராக நான் எப்படி முறைப்பாடு செய்வது என்று சொல்லி, அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

தமிழுக்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்தது, மகளே. சட்டத்தில் மூன்றாவதாக ஒரு வரி ஏறியிருக்கிறது, மரண அறிவித்தல் ஏதும் இருந்தால் நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே வாசிக்கவும். செய்தியைக் கேட்டுச் சின்னம்மா ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போதே வடைக்கு உழுந்து எடுத்து வைத்துவிட்டார். இவ்வளவும் உன் குரல் போய்ச் செய்த காரியம். ஒரு மொழியை நீ நோயாளிகளுக்காகப் படித்தாய், அது பத்தாயிரம் மைல் வந்து இன்னொரு மொழிக்கு இடம் பிடித்துத் தந்தது. நான் இதை ஆசிரியர் அறையில் சொல்லும்போது எண்களைக் கொஞ்சம் கூட்டுவேன், நீ கோபிக்கக்கூடாது.

இனி உனக்கு ஒரு வேலை. கூட்டம் முடிந்து வாசலில் நின்றபோது கோல்மன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பார்ட்லிக்குச் சொல்லாமல்தான் கப்பலேறினாராம். ஐம்பது வருடத்தில் ஒரு கடதாசி போட்டதில்லை. பார்ட்லியின் தங்கை அந்த வீட்டில் இருக்கவேண்டும் என்கிறார். அவருக்கு அட்டையோ பூவோ அனுப்ப மனமில்லை. ஒரு ஆள் வாசலில் போய் நின்று, ஜோனின் மகன் கோல்மன், ஃபெஸ்டியின் பேரன், மெல்பேர்ணில் கேள்விப்பட்டான் என்று அவர்களுடைய மொழியில் சொல்லவேண்டும், அவ்வளவுதான். இந்தப் பெயர்களைப் பிழையில்லாமல் சொல்லும்வரை என்னை விடவில்லை. ஊரின் பெயர் உன் கசெற்றில் இரண்டாவது அறிவித்தலில் இருக்கிறதாம், கேட்டவுடன் உனக்குத் தெரியும். முப்பத்தொன்றாம் நாள் கடந்துவிட்டதே என்று யோசிக்காதே, செத்தவீட்டுக்குப் பிந்திப் போனாலும் போனதுதான். வெறுங்கையோடு போகாமல் கொஞ்சம் தேயிலையும் சீனியும் கொண்டு போ. கழுத்துக்குக் கம்பளிச் சால்வை சுற்றிக்கொண்டு போ, கடல் காற்று.

எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும், உன் கைபட்ட நோவெல்லாம் ஆறட்டும், நீ வாய் திறக்கிற எந்த மொழியிலும் உனக்கு மரியாதை கிடைக்கட்டும் என்று சின்னம்மாவும் நானும் இரண்டு கையாலும் ஆசீர்வதிக்கிறோம். முத்திரை ஒட்டமுன் ஒன்று. சித்தப்பாவின் வழக்கமான கதை என்று சிரித்துவிட்டு இதை மடித்து வைத்துவிடுவாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி உடையவில்லை. அன்னங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கூட்டத்துக்கு எழுநூறு பேர் வரவில்லை, ஒன்பது பேர், அதில் ஒருவர் நித்திரை. ரெலிபோனும் ஆயிரம் தரம் அடிக்கவில்லை. ஒரு தரம் அடித்தது. அந்த ஒன்று மெய், பிள்ளை. அந்த வீட்டு வாசலுக்கு ஒருக்கால் போட்டு வா.

உன் சித்தப்பா,
விக்னராஜா